பாசிர் ரிஸ் வீட்டுத் தவிலுக்கு

அன்புள்ள தம்பிக்கும், டீச்சருக்கும், கிட்டார் தம்பிகள் இருவருக்கும், கீபோர்டு வாசிக்கும் என் பள்ளித் தோழனுக்கும்,

திருவையாற்றிலிருந்து அண்ணன் எழுதுகிறேன். ஊர் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. "நல்லபடியா வந்து சேந்துட்டேன்" என்று போனில் சொன்னதோடு சரி. சொல்ல வேண்டியது உள்ளேயே நின்றுவிட்டது. சாங்கி விமான நிலையத்தில் உங்கள் ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்தபோது சொல்லிவிடத்தான் நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

உங்களுக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் மேளக்காரர் வீட்டில் பிறந்து, மேளத்தைத் தொடாமலே வயதாகிப்போனவர்கள் இந்தக் காவிரிக் கரையில் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளுக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து வருகிறவனுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். அதற்கு அந்த ஊரில் இருக்கும் ஒருவர் இவரை எனக்குத் தெரியும் என்று எழுதித் தரும் அறிமுகக் கடிதம் கேட்பார்கள். தம்பி, நீ அனுப்பிய கடிதத்தில் விண்ணப்பதாரர் உனக்கு என்ன உறவு என்ற இடத்தில், 'என் ஆசிரியரின் மகன்' என்று எழுதியிருந்தாய். நண்பர் என்று எழுதியிருந்தாலே போதும், வேலை நடந்திருக்கும். அப்பா போய் ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் சங்கத்து எழுத்தர், ஐந்தாம் நம்பர் வீட்டுக்காரர், இன்னார் மாமனார் என்று பல பெயரில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தவில்காரர் மகன் என்று ஒருவர் எழுத்தில் வைத்தது அந்தத் தாளில்தான். பிரதி எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நீ எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது 2009. தேசிய சேவை முடித்த கையோடு வந்திருந்தாய். தலைமுடி இன்னும் வளர்ந்திருக்கவில்லை. உங்கள் ஊர்க் கோயிலில் ஒப்பந்தத்தில் வாசிக்க வந்த நம் பக்கத்து வித்வான் ஒருவர் காலடியில் சின்ன வயதிலிருந்து உட்கார்ந்து கேட்டதாகவும், அவர்தான் இந்த விலாசத்தைக் கொடுத்ததாகவும் சொன்னாய். அப்பா கேட்ட முதல் கேள்வி, "சாப்டியா?" இரண்டாவது, "கையக் காட்டு." உன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "மாடி ரூம பெருக்கி விடுங்க" என்றார். அவ்வளவுதான் சேர்க்கை.

எனக்குப் பத்து வயதில் நான் தவிலைத் தொட்டபோது அதே அப்பா என் கையைப் பிடித்து எடுத்துவிட்டார். அடிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "இதுக்குத் தோள் குடுத்தா வேற எதுக்கும் தோள் மிஞ்சாது. நீ படி" என்றார். முகூர்த்தத்தில் மணிக்கணக்கில் நின்று வாசித்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் அவர். அந்தப் பந்தியில் நான் உட்காரக் கூடாது என்று நினைத்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் படித்தேன், கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குப் போனேன், பென்ஷனுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. ஆனால் நீ மாடியில் மரப்பலகையில் குச்சியைத் தட்டி, 'தா தி தொம் நம் ஜம்' என்று சொல்லிக்கொண்டே பாடம் பண்ணிய அந்த ஒரு வருஷமும் நான் கீழே சைக்கிளைத் துடைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்தது என்ற வருத்தம் எனக்கு இருந்தது. இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது அது இல்லை என்பதால் சொல்ல முடிகிறது.

திருச்சியிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். என் வரிசையில் இருந்த இரண்டு பேரும் மன்னார்குடிப் பக்கத்துப் பையன்கள், கட்டட வேலை. ஒருவன் மடியில் முருங்கைக்கீரைக் கட்டு. இன்னொருவன் முதல் பயணம், ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. என்ன வேலையாகப் போகிறீர்கள் என்று கீரைக்காரப் பையன் கேட்டான். "கச்சேரி கேக்கப் போறேன்" என்றேன். திரும்பத் திரும்பப் பார்த்தான். சம்பாதிக்கப் போகிற ஊருக்குக் கேட்கப் போகிறவனை அவன் முதல்முறையாகப் பார்த்திருப்பான். நாள், இடம் எல்லாம் விசாரித்தான். ஞாயிற்றுக்கிழமை என்றதும், "அன்னிக்கு லீவுதாண்ணே" என்றான்.

தானா மேராவில் வண்டி மாறி, சீமெய், தெம்பினிஸ் தாண்டி, தடம் முடிகிற இடத்தில் இறங்கினோம். நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'பாசிர் ரிஸ்' என்று தமிழிலும் எழுதியிருந்தது. எனக்காக ஒரு நிமிஷம் நின்றீர்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழி என்று பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனாலும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவன் தலைக்கு மேலே அந்த எழுத்து இருப்பது வேறு விஷயம். மலாயில் பாசிர் என்றால் மணல் என்று டீச்சர் சொன்னீர்கள். நானும் ஒரு மணல் கரையிலிருந்துதான் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிகாலையில் பூங்காவுக்குக் கூட்டிப்போனீர்கள். அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகைப் பாதை, சேற்றில் வேர்கள் குச்சி குச்சியாக மேலே எழுந்து நிற்க, ஊருக்கு நடுவே ஆறு ஹெக்டேர் அப்படியே விடப்பட்டிருக்கிறது. எதிரே பூலாவ் ஊபின் தீவு. சாங்கிக்கு இறங்கும் விமானங்கள். ஆனால் என் மனம் நின்றது அங்கே இல்லை. உங்கள் புளோக்கில், எட்டாவது மாடியில், சமையலறை மேசையில் நின்றது.

கச்சேரிக்கு முந்தின இரவு. மேசையில் செய்தித்தாளை விரித்தாய். பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரல் அகலத்துக்கு நாடா நாடாவாகக் கிழித்து வைத்திருந்தாய். கிண்ணத்தில் மைதாப் பசை, காய்ச்சி ஆறவைத்தது. விரலில் முதல் சுற்று உலர்ந்த துணி, பசை தோலில் ஒட்டாமல் இருக்க. பிறகு பசை தடவிய நாடா, சுற்று மேல் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைவிரலால் அழுத்தி, நடுவில் காற்று நிற்காமல் வழித்துவிட்டாய். நுனியில் கொஞ்சம் தடிப்பு, அடியில் மெலிவு. கழற்றி வரிசையாக மின்விசிறிக்கு நேரே வைத்தாய். தவில் கூடு. காய்ந்தால் கல்லு மாதிரி ஆகிவிடும். அந்தக் கல்லு விரல்கள் வலந்தலையில் விழுந்தால்தான் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் அந்தச் சத்தம் வரும்.

எங்கள் வீட்டில் அது திண்ணையில் நடக்கும், வெயிலில் காயும். அப்பா நுனியைப் பல்லால் கடித்து வழிப்பார். நீ கடித்தாய். அவரிடம் பார்த்த பழக்கம் என்று உனக்கே தெரிந்திருக்காது. நான் தண்ணீர் குடிப்பது போல எழுந்து போனேன். உன் அம்மா ஒன்றும் கேட்காமல் தம்ளரை வாங்கி மறுபடியும் நிரப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் என் நன்றியைச் சொல்லு. மறுநாள் காலை மீ கோரெங்கில் எனக்காகக் காரம் குறைத்ததற்கும்.

உங்களுடையது சுவருக்குச் சுவர் வீடு. அப்பா விடியற்காலை நாலு மணிக்குச் சாதகம் பண்ணுவார், காவிரி கேட்கும், வேறு யாரும் கேட்கமாட்டார்கள். உனக்கு மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்துவீடு மூன்றும் உண்டு. அந்த மூன்று வீட்டுக் கதவையும் நீயே போய்த் தட்டி, சாயந்தரம் ஐந்திலிருந்து ஆறு வரை ஒரு மணி நேரம் என்று கேட்டு வாங்கியிருக்கிறாய். மற்ற நேரமெல்லாம் தோலின்மேல் துண்டைப் போட்டுத்தான் பயிற்சி. சேர்ந்து பழக ஜாமிங் ஸ்டூடியோ, மணிக்கு இத்தனை வெள்ளி என்று வாடகை. பகலில் ஒருவர் பள்ளிக்கூடம், ஒருவர் கப்பல் பட்டறை, ஒருவர் மருத்துவமனை, என் தோழன் கணினி. இரவு ஒன்பதுக்குச் சந்தித்துப் பதினொன்றரைக்கு ரயிலைப் பிடித்து வீடு போகிறீர்கள். பதினான்கு வருஷமாக. இங்கே வீடு நிறைய இடமும் ஊர் நிறைய வித்வான்களும் இருந்தும் எத்தனை தவில் பரணில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கி அதைக் காப்பாற்றுவது எப்படிப்பட்ட காரியம் என்று அந்த மேசையில்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை தேக்காவுக்குப் போனோம். தீபாவளி முடிந்தும் சிராங்கூன் சாலையில் அலங்கார விளக்கு அவிழ்க்கப்படவில்லை. பஃபலோ சாலையில் பூக்கடை, வாழைக்கட்டு, வெற்றிலை. நான் கண்காட்சி பார்க்கிறவன் மாதிரி நடந்துகொண்டிருந்தேன். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் வாசலில் நீ நின்றாய். "அண்ணே, இங்கேருந்துதான் தைப்பூசக் காவடி பொறப்படும். டேங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோயில் வரைக்கும்" என்றாய். மூன்று கிலோமீட்டருக்கு மேலே நடை. 1973-இல் அந்த ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை வந்தது. கோயிலுக்குள் வாசிக்கலாம், சாலையில் கூடாது. அலகு குத்திக்கொண்டு நடக்கிறவனுக்குக் காலைத் தூக்கிவைக்க மேளம்தான் கைத்தடி. அந்தக் கைத்தடி இல்லாமல் 40 ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறார்கள். உன் தாத்தாவும் உன் அப்பாவும் அப்படித்தான் நடந்தார்கள். வாயால் பாடிக்கொண்டு, கூட வருகிறவர்கள் கைதட்டலில்.

2016-இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி வாத்தியத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்தத் தைப்பூசத்தன்று நீ கூட்டத்தில் நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாய். அந்தப் பக்கம் எங்கள் கூடத்தில் அப்பா. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தியாகராஜர் ஆராதனைக்கு நாலு நாள் இருந்தது, ஊரெல்லாம் பந்தல் வேலை. அப்பா போனைக் காதில் வைக்காமல் தொடையில் வைத்துக்கொண்டு, மேலே உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்திருந்தார். அதிர்வைத் தொட்டுப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "என்னப்பா?" என்றேன். "ரோட்டுல வாசிக்கிறாங்கடா" என்றார். ரோட்டில் வாசிப்பதில் என்ன இருக்கிறது என்று அன்று எனக்குப் புரியவில்லை. நம் ஊரில் சாவுக்கும் வாசிப்பார்கள், சாமிக்கும் வாசிப்பார்கள், யாரும் தடுத்ததில்லை. அவர் அர்த்தம் அந்தக் கோயில் வாசலில்தான், ஏழெட்டு வருஷம் கழித்து, எனக்கு வந்து சேர்ந்தது. நீ ஏன் 2009-இல் அத்தனை தூரம் வந்தாய் என்பதும் அங்கேதான்.

ஞாயிறு மாலை. பாசிர் ரிஸிலிருந்து பன்னிரண்டாவது நிறுத்தம் சிட்டி ஹால். வண்டி பாசிர் ரிஸிலிருந்தே கிளம்புவதால் எல்லோருக்கும் இடம் கிடைத்தது, தவிலுக்கும் உன் கால்களுக்கு நடுவில் ஓர் இடம். பேஸ் கிட்டார் தம்பி போட்டிருந்த கறுப்புச் சட்டையில் 'ருத்ரா' என்றிருந்தது. கேட்டேன். 1992-இல் சிங்கப்பூர் இந்தியப் பையன்கள் தொடங்கிய மெட்டல் குழு என்றும், சம்ஸ்கிருதச் சுலோகங்களையும் வேதாந்தத்தையும் அந்த இடிச்சத்தத்துக்குள் கொண்டுவந்தவர்கள் என்றும், 'குருக்ஷேத்ரா' என்ற ஆல்பம் 2003-இல் வந்தபோது பள்ளிப் பையில் ஒளித்துவைத்துக் கேட்டதாகவும் சொன்னான். ஒரு காதுக் கருவியை என் காதில் செருகினான். யூனோஸ் வரை கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத சத்தம். ஆனால் வாசிக்கிறவன் உயிரைக் கொடுத்து வாசிக்கிறான் என்பது எந்தச் சத்தத்திலும் தெரிந்துவிடும்.

கச்சேரி நடந்த எஸ்பிளனேட் கட்டடத்தை ஊர்க்காரர்கள் டுரியான் என்கிறார்கள், பலாப்பழத்தின் தம்பி. 2002-இல் திறந்தது. வெளியரங்கில் கட்டணம் இல்லை, யாரும் வந்து உட்காரலாம். மேடைக்குப் பின்னால் சுவர் கிடையாது. மரீனா பே நீர், அதற்கப்பால் மூன்று கோபுரத்தின் தலையில் படகை ஏற்றிவைத்தாற்போல அந்த ஓட்டல், விளக்குகள் நீரில் உடைந்து உடைந்து. நீ மேடை ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பேனரால் தவில் வளையத்து நட்டைக் கால் கால் திருப்பாக முறுக்கிக்கொண்டிருந்தாய். உள்ளே குளிரூட்டிய அறை, வெளியே கடல் ஈரம். தோல் இறங்கிவிட்டது. முறுக்கி, ஒரு தட்டு, காதைச் சாய்த்து, மறுபடி ஒரு முறுக்கு.

மல்லாரியில் ஆரம்பித்தீர்கள். இதை நான் மறைக்கப்போவதில்லை, எனக்குச் சுருக்கென்றது. மல்லாரி சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. கம்பீர நாட்டை. வாகனம் தோளில் ஏறும்போது நாதஸ்வரமும் தவிலும் எழுப்புவது. சாமியும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை, மலாய்த் தம்பி எலக்ட்ரிக் கிட்டாரில் எடுக்கிறான். அப்பா இருந்திருந்தால் எழுந்து போயிருப்பாரோ என்று நினைத்தேன்.

பிறகு காது தானாகத் திறந்தது. அவன் அதைக் கடன் வாங்கி வாசிக்கவில்லை. வழியில் ரயிலில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அவன் பாட்டி ஜாவாவிலிருந்து வந்தவர். ஜாவாவின் கமலான் இசையில் பெலோக் என்று ஒரு சுரவரிசை. அதன் ஒரு வகை நம் கம்பீர நாட்டையின் ச, க, ம, ப, நி-க்குப் பக்கத்து வீடு. நீ அந்த ராகத்தை முதலில் பாடிக் காட்டியபோது, "இது எங்க பாட்டி வீட்டுச் சத்தமாச்சே" என்றானாம். அவன் தன் பாட்டி வீட்டு வாசல் வழியாக உள்ளே வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்கிறான். கிட்டார் இரண்டாம் காலத்துக்குப் போனதும் தவில் உள்ளே இறங்கியது. என் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. அப்பாவின் கை. வலந்தலையில் நாலு விரலும் உதறி எடுக்கும் அந்த வேகம், தொப்பியில் குச்சி விழுவதற்கு முன் இம்மி நிறுத்தம். அந்த நிறுத்தம் அவருடையது, வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. ஆனால் அதற்கு அடுத்து வந்தது அவருடையது இல்லை. பேஸ் கிட்டார் ஓர் அடி விட்டுக்கொடுக்க, அந்த வெற்றிடத்தில் நீ வைத்த கோர்வை உன்னுடையது. பாசிர் ரிஸில் பிறந்தது. நான் என் அப்பாவைக் கேட்க அவ்வளவு தூரம் வந்தேன். அவரையும் கேட்டேன், அவருக்கு அடுத்தவனையும் கேட்டேன்.

படிகளில் எனக்குப் பக்கத்தில் அறுபது வயதுச் சீன அம்மா ஒருவர், பேத்தியோடு. பின்படியில் நம் பையன்கள் இருபது பேர் இருக்கும், ஞாயிறு விடுமுறைச் சட்டையில். விமானத்தில் பார்த்த கீரைக்காரப் பையனும் அதில் இருந்தான். டீச்சர், நீங்கள் கடைசிப் பாட்டு என்று சொல்லி 'முன்னேறு வாலிபா' எடுத்தீர்கள். எனக்குத் தெரியாத பாட்டு. சினிமாப் பாட்டும் இல்லை, கீர்த்தனையும் இல்லை. இரண்டாவது வரியில் பக்கத்துச் சீன அம்மா பாட ஆரம்பித்தார். தமிழில். 'ழ'வும் 'ற'வும் அவர் வாயில் கொஞ்சம் வேறு மாதிரி விழுந்தன, ஆனால் ஒரு சொல் தவறவில்லை. கைத்தாளம் வேறு. பேத்தியும் பாடினாள். முன்வரிசையில் மலாய்க் குடும்பம் ஒன்று பாடியது. ஏறக்குறைய அந்த அரங்கு முழுவதும் பாடியது. நான் வாயைத் திறக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் அந்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கற்றது என்றார். எஸ். ஜேசுதாசன் என்ற சிங்கப்பூர்க்காரர் 1960களில் உண்டாக்கிய பாட்டு, தேசிய தினத்தன்று எல்லா இனத்துப் பிள்ளைகளும் தமிழிலேயே பாடுகிற பாட்டு என்று டீச்சர் நீங்கள் பிறகு விவரமாகச் சொன்னீர்கள். "நீங்கள் தமிழர்தானே, உங்களுக்குத் தெரியாதா?" என்று அந்த அம்மா கேட்டார். குத்தலாக இல்லை, உண்மையான ஆச்சரியத்தில். பேத்தியிடம் ஏதோ சொன்னார். அந்தக் குழந்தை எனக்கு முதல் வரியை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தது. ஏழு வயது இருக்கும். நான் திருப்பிச் சொன்னேன்.

உங்களுக்கு நான் எதற்காக நன்றி சொல்கிறேன் என்றால், முக்கியமாக அதற்காகத்தான். எங்கள் ஊரிலிருந்து கப்பலேறிய இசை அங்கே பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணத்தில்தான் கிளம்பினேன். பெட்டியில் வைத்த பட்டுப்புடவையைப் போல. வந்து பார்த்தால் அங்கே தறி ஓடிக்கொண்டிருக்கிறது. திருவையாறு கேட்டறியாத தமிழ்ப் பாட்டு ஒன்று அறுபது வருஷமாக அங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதைச் சீனப் பாட்டி பேத்திக்குக் கற்றுக்கொடுக்கிறாள், பேத்தி எனக்குக் கற்றுக்கொடுக்கிறாள். அந்தப் பாட்டில் என் அப்பாவின் கை தாளம் போடுகிறது.

கூட்டம் கலைந்த பிறகு பின்படிப் பையன்கள் உன்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அண்ணே, தனியா கொஞ்சம்" என்றான் கீரைக்காரன். ஒலிபெருக்கியை நிறுத்தியாகிவிட்டது. பையிலிருந்து எடுத்த கூட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, நீர்க்கரையில் நின்று, மூன்று நிமிஷம் வாசித்தாய். ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். ஏன் கழற்றினான் என்று நான் கேட்கவில்லை.

அன்று இரவு சமையலறை மேசையில் நான் கொண்டுவந்ததை எடுத்து வைத்தேன். அப்பாவின் குச்சி. பூவரசு, நாற்பது வருஷம் அவர் உள்ளங்கையில் இருந்து கறுத்து வழுவழுத்தது. உனக்குத்தான் என்று மனதில் முடிவுபண்ணி, துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். நீ வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். கையில் பிடித்துப் பார்த்தாய். மேசை விளிம்பில் மெதுவாக இரண்டு தட்டு. பிறகு என் கையை விரித்து அதில் வைத்து விரல்களை மடக்கினாய். "எனக்கு அய்யா அவரே சீவிக் குடுத்தது இருக்குண்ணே. இது உங்களுக்கு" என்றாய். எனக்கு எதற்கு என்றேன். "அய்யா ஒருநாள் சொன்னாரு. பையனோட கைய எடுத்துவிட்டேன், அது இன்னும் என் கையிலயே இருக்குன்னு."

அவர் என்னிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லியிருக்கிறார். பதினான்கு வருஷம் அதை வைத்திருந்து, போனில் சொல்லாமல், நான் எதிரே உட்காரும் வரை காத்திருந்தாய் பார், அதற்கு எந்தச் சொல்லில் நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் சாங்கியில் ஊமையாக நின்றேன்.

மாடி அறையைப் பெருக்கியாகிவிட்டது. நீ பாடம் பண்ணிய பலகை கிடைத்தது, ஒரு மூலையில் கரையான், மற்றபடி நன்றாக இருக்கிறது. ஐம்பத்தொரு வயதில் மணிக்கட்டு மடங்க மறுக்கிறது. நீ சொன்னபடி குச்சியை இறுக்கிப் பிடிக்காமல்தான் பிடிக்கிறேன். போன வாரம் 'தொம்'மில் ஏதோ குறைகிறது என்றாயே, நாலு நாளாக அதையே தட்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி கீழேயிருந்து, "இன்னிக்குக் கொஞ்சம் பரவால்ல" என்றாள்.

ஞாயிறு காலை அங்கே எட்டு, இங்கே ஐந்தரை. கூப்பிடு தம்பி. உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
திருவையாறு